தட்டைப் பார், குழலைப் பார்க்காதே

குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் மலை ரயிலில் ஜன்னலோர இடம் கிடைத்தவர்கள், வெலிங்டன் தாண்டியதும் வரும் அருவங்காடு ஸ்டேஷனைப் பார்த்திருப்பார்கள். சின்ன ஸ்டேஷன்தான். ஆனால் பக்கத்தில் இருப்பது சின்ன இடம் இல்லை. கார்டைட் தொழிற்சாலை! துப்பாக்கித் தோட்டாவையும் பீரங்கிக் குண்டையும் உந்தித் தள்ளும் மருந்து நூறு வருடங்களுக்கும் மேலாக அங்கே தயாராகிறது. ஒரு பக்கம் தேயிலை வாசம், இன்னொரு பக்கம் வெடிமருந்து.

நீலகிரிக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு அதற்கும் முந்தையது. வெள்ளைக்காரத் துரைமார்கள் இந்த மலையில் காப்பியும் தேயிலையும் போட்ட காலத்தில், லீவு நாள் என்றால் தோளில் துப்பாக்கியோடு சோலைக்குள் இறங்குவதுதான் பெரிய பொழுதுபோக்கு. குளிர்காலத்தில் வடக்கேயிருந்து வலசை வரும் 'வுட்காக்' என்ற பறவை மேல் அவர்களுக்குத் தனிக் கண். உள்ளானின் சொந்தக்காரப் பறவை அது. சருகோடு சருகாக ஒளிந்திருக்கும். காலடிச் சத்தம் கிட்டே வந்ததும் சடாரென்று கிளம்பி, மரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து பறந்துவிடும். உள்ளானும் இப்படித்தான். ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் 'ஸ்னைப்'. இன்று மறைந்திருந்து சுடுகிறவரை 'ஸ்னைப்பர்' என்கிறோமே, அந்த வார்த்தையே பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியாவில் உள்ளான் சுட்ட ஆங்கிலேயர்களிடமிருந்து வந்ததுதான்.

சுட்டுச் சுட்டு, சுடுவதற்கு ஒன்றுமே மிஞ்சாது என்ற நிலை வந்தபோது வேட்டைக்காரர்களே பயந்து போனார்கள். 1877-ல் நீலகிரியில் வேட்டை விலங்குகளைக் காக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். 1879-ல் அதற்கென்று சட்டமும் வந்தது. அந்தச் சங்கம்தான் இன்று வனவிலங்கு, சுற்றுச்சூழல் சங்கமாக மாறி நிற்கிறது. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, துப்பாக்கியோடு சோலைக்குள் இறங்கும் கதை முடிந்தது. நல்லதுதான்!

ஆனால் பறக்கிற ஒன்றைப் பறந்துகொண்டிருக்கும்போதே தொடுவது என்ற சவால் முடியவில்லை. அது வேறு உருவம் எடுத்தது. பறவைக்குப் பதிலாகத் தட்டு!

இந்தத் தட்டின் கதை சுவாரஸ்யமானது. முதலில் கூண்டில் அடைத்த உயிருள்ள புறாக்களைத் திறந்துவிட்டுச் சுட்டார்கள். 1900-ல் பாரிஸ் ஒலிம்பிக் நடந்த வருடம்கூட அங்கே புறா சுடும் போட்டி நடந்தது. வேறு சிலர் கண்ணாடி உருண்டைகளைத் தூக்கிப் போட்டுச் சுட்டார்கள். அமெரிக்காவில் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் 1880-ல் களிமண் தட்டைக் கண்டுபிடித்தார். பையன்கள் தண்ணீரில் சிப்பி ஓட்டைத் தத்தித் தத்திப் போகும்படி வீசியதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை வந்ததாம். ஊர்க் குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தவளை மாதிரி தாவ விடுவோமே, அதே விளையாட்டு!

இன்றைய தட்டில் களிமண்ணே கிடையாது. தார் போன்ற பிசினும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்துச் செய்கிறார்கள். 110 மில்லிமீட்டர் அகலம், 105 கிராம் எடை. கீழே போட்டால் உடைந்துவிடும். ஆனாலும் சுடுகிறவர்கள் இன்னமும் அதைப் 'பறவை' என்றுதான் சொல்கிறார்கள்.

ஒலிம்பிக்கில் 'ட்ராப்' என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஆட்டம் இதுதான். சுடுகிறவருக்கு 15 மீட்டர் முன்னால் ஒரு பதுங்கு குழி. அதற்குள் 15 எறியும் இயந்திரங்கள். சுடுகிறவர் துப்பாக்கியைத் தோளில் வைத்து 'புல்' என்று குரல் கொடுப்பார். (ஊட்டிப் புல்வெளி இல்லை, 'இழு' என்று அர்த்தம். அந்தக் காலத்தில் ஒரு ஆள் கயிற்றை இழுத்துப் பறவையை விடுவிப்பார். இன்று மைக் அந்தக் குரலைக் கேட்டு இயந்திரத்தை இயக்குகிறது.) தட்டு இடது பக்கம் போகுமா, வலது பக்கம் போகுமா, நேராகப் போகுமா, தாழ்வாகவா, உயரமாகவா... தெரியாது. மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் கிளம்பும். விட்டால் 76 மீட்டர் தள்ளிப் போய் விழும். ஒரு சுற்றுக்கு 25 தட்டு. தகுதிச் சுற்றில் மொத்தம் 125. ஒவ்வொரு தட்டுக்கும் இரண்டு தோட்டா வரை சுடலாம். முதலில் விட்டதை இரண்டாவதில் பிடித்தாலும் ஒரு பாயிண்ட்தான்.

இதில் கணக்குப் போட நேரம் எவ்வளவு என்று பாருங்கள். தட்டு கண்ணில் பட்டதிலிருந்து ஒரு வினாடிக்குள் முதல் தோட்டா போயாக வேண்டும். தாமதித்தால் தட்டு எட்டாத தூரம் போய்விடும். சுமார் 35 மீட்டர் தூரத்தில் தட்டு இருக்கும்போது, ஈயக் குண்டுகள் அங்கே போய்ச் சேர ஏறக்குறைய பத்தில் ஒரு வினாடி ஆகும். அதற்குள் தட்டு இன்னும் இரண்டு மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். ஆகவே தட்டு இருக்கும் இடத்தைச் சுட்டால் தட்டு விழாது. அது போகப் போகிற இடத்தைச் சுட வேண்டும். எவ்வளவு முன்னால்? தட்டு போகும் கோணத்தைப் பொறுத்து மாறும். நேராகப் போனால் பக்கவாட்டில் ஒன்றுமே தேவையில்லை. 45 டிகிரி சரிந்து போனால் நிறைய வேண்டும்.

'அப்படியானால் கோணத்தையெல்லாம் கணக்குப் போட்டு மனப்பாடம் பண்ணினால் முடிந்தது' என்று தோன்றுகிறதா? இங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

குன்னூர்ப் பக்கம் எஸ்டேட்டில் வளர்ந்த ஒரு பையன், படிப்புக்காகக் கீழே இறங்கிய இடத்தில் ஒரு ஷூட்டிங் கிளப்பில் சேருகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரங்களில் 25-க்கு 10, 12 என்று வருகிறது. ஒரு நாள் 17. தலைகால் புரியவில்லை. அடுத்த வாரம் 14. என்ன ஆச்சு? ஒருவர் 'காலை இன்னும் கொஞ்சம் அகட்டி வை' என்கிறார். இன்னொருவர் 'உன் சோக்கை மாற்று' என்கிறார். (சோக் என்பது குண்டுகள் எவ்வளவு பரவ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும், குழல் முனையின் குறுகல்.) மூன்றாமவர் 'இடது பக்கத் தட்டுக்கு ரெண்டு அடி லீட் கொடு' என்கிறார். பையன் எல்லாவற்றையும் கேட்கிறான். நோட்டில் எழுதுகிறான். அடுத்த வாரம் 11.

அவன் சோம்பேறி இல்லை. முன்பைவிட அதிகமாக உழைக்கிறான். அதனால்தான் விழவில்லை! ஒரு வினாடிக்குள் முடிகிற வேலைக்கு ஏழு கட்டளைகளைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றால், கண் எதைப் பார்க்கும்? கை எதைக் கேட்கும்?

இன்னொரு கெடுதலும் உண்டு. ட்ராப்பில் ஆறு பேர் ஒரு குழுவாகச் சுடுவார்கள். ஒரு தட்டு சுட்டதும், மற்ற ஐந்து பேரும் சுட்டு முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும். சுடும் நேரம் ஒரு வினாடி, சும்மா நிற்கும் நேரம் அதைப்போல் பல மடங்கு. விட்டுப்போன தட்டை நினைத்து, 'காலா, கையா, சோக்கா' என்று மனசு விசாரணை நடத்துவது அந்த இடைவெளியில்தான். அடுத்த தட்டுக்குக் குரல் கொடுக்கும்போது போன தட்டு இன்னும் தலைக்குள் பறந்துகொண்டிருக்கும். இரண்டு தட்டை ஒரே நேரத்தில் யாராலும் சுட முடியாது.

சரி, அப்படியானால் உண்மையில் எத்தனை விஷயம்தான் தேவை? கழித்துக் கழித்துப் பார்த்தால் மூன்று மிஞ்சும்.

ஒன்று, கன்னம். ரைஃபிளில் பின்னால் ஒன்று, முன்னால் ஒன்று என்று இரண்டு குறிகள் இருக்கும். ஷாட்கன்னில் பின்குறி கிடையாது. சுடுகிறவரின் கண்தான் பின்குறி! அந்தக் கண் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் இருக்க வேண்டுமென்றால், கன்னம் துப்பாக்கிக் கட்டையில் ஒரே இடத்தில் அழுந்தியிருக்க வேண்டும். கண்ணுக்கும் குழல் முனைக்கும் சுமார் ஒரு மீட்டர் என்று வையுங்கள். தலை ஒரு சென்டிமீட்டர் மேலே தூக்கினால், 35 மீட்டர் தூரத்தில் குறி 35 சென்டிமீட்டர் தள்ளிப் போகும். குண்டுகள் பரவும் வட்டமே அந்தத் தூரத்தில் சுமார் முக்கால் மீட்டர்தான். அதாவது தட்டு வட்டத்தின் விளிம்புக்குப் போய்விட்டது. 'விழுந்ததா?' என்று பார்க்கிற ஆசையில் தலை தூக்குவதால்தான் அது பல சமயம் விழுவதில்லை!

இரண்டு, கண். பார்க்க வேண்டியது தட்டை மட்டும். குழலை இல்லை, குழல் நுனியில் இருக்கும் மணியையும் இல்லை. கண்ணால் ஒரே சமயத்தில் பக்கத்தில் இருப்பதையும் தூரத்தில் இருப்பதையும் கூர்மையாகப் பார்க்க முடியாது. மணியைப் பார்த்த நொடி தட்டு மங்கும், துப்பாக்கி தயங்கி நிற்கும். தட்டை முழுசாகப் பார்க்கிற கண்ணுக்கு எவ்வளவு முன்னால் போக வேண்டும் என்ற கணக்கு பழக்கத்தில் தானாக வந்துவிடும். கிரிக்கெட்டில் உயரப் பந்தைப் பிடிக்க ஓடுகிறவர் என்ன, பரவளையச் சமன்பாடா போடுகிறார்?

மூன்று, நிறுத்தாமல் இருப்பது. தட்டின் பாதையில் துப்பாக்கி தட்டோடு போக வேண்டும். சுட்ட பிறகும் கொஞ்சம் போக வேண்டும். குதிரையை அமுக்கும் நொடியில் துப்பாக்கியை நிறுத்தினால் குண்டு தட்டுக்குப் பின்னால் போகும். தவறிய தட்டுகளில் நிறைய, இப்படி வால் பக்கமாகத் தப்பித்தவைதான்.

இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. எந்தக் கண் தலைமைக் கண் என்று தெரிந்துகொள்வது. கையை நீட்டிக் கட்டைவிரலைத் தூரத்தில் இருக்கும் ஒரு கம்பத்தின் மேல் வையுங்கள், இரண்டு கண்ணும் திறந்தபடி. பிறகு ஒரு கண்ணை மூடுங்கள். விரல் அப்படியே நின்றால் திறந்திருக்கும் கண்தான் தலைமைக் கண். தாவிப் போனால் மூடிய கண். வலது தோளில் சுடுகிறவருக்கு இடது கண் தலைமை என்றால், எத்தனை சோக் மாற்றினாலும் துப்பாக்கி தப்பான இடத்தைத்தான் பார்க்கும். இதைப் பயிற்சியாளரிடம் சொல்லி ஆரம்பத்திலேயே சரி செய்துகொண்டால் பல மாத வேதனை மிச்சம்.

மேலே எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிற அக்காமாரைப் பார்த்தவர்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது. இரண்டு இலை, ஒரு மொட்டு. கண் கொழுந்தைத் தேடுகிறது, கை போய்விடுகிறது. விரலைப் பார்த்துக்கொண்டு யாரும் பறிப்பதில்லை. அப்படிப் பறித்தால் சாயங்காலம் எடை போடும்போது கூடையில் பாதிதான் இருக்கும். புதிதாக வேலைக்கு வந்தவர்தான் விரலைப் பார்ப்பார். மகாபாரதத்தில் துரோணர் மரத்தில் வைத்ததும் நிஜப் பறவை இல்லை, செய்து வைத்த பொம்மைப் பறவை. மற்றவர்களுக்கு மரம், கிளை, இலை, பக்கத்தில் நின்றவர்கள் எல்லாம் தெரிந்தது. அர்ஜுனனுக்குப் பறவை மட்டும் தெரிந்தது. மற்றவர்களும் வில் பிடிக்கத் தெரிந்தவர்கள்தான்.

'இவ்வளவு எளிதென்றால் எல்லாரும் 125-க்கு 125 சுடலாமே' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சுலபம் வேறு, எளிமை வேறு. சொல்ல மூன்று வரி போதும். 125 தடவை, மனசு ஒரு தடவைகூட வேறு எங்கும் போகாமல், அதையே செய்வதுதான் கஷ்டம். அதோடு, சோக்கும் தோட்டாவும் காரணம் என்றால் மனசுக்கு ஆறுதல். 'தலையைத் தூக்கிவிட்டேன்' என்று ஒப்புக்கொள்வதில் ஆறுதல் இல்லை. எளிமையாக வைத்துக்கொண்டால் சாக்கு சொல்ல இடம் இருக்காது. பலர் அதை விட்டு ஓடுவதே இதனால்தான்.

தமிழ்நாட்டிலிருந்து ஒரு உதாரணம். பிருத்விராஜ் தொண்டைமான், புதுக்கோட்டை அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். 1987-ல் பிறந்தவர். 2023-ல் தோஹாவில் நடந்த உலகக் கோப்பையில் ட்ராப் தனிநபர் பிரிவில் வெண்கலம் வாங்கினார். அதே வருடம் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கைனான் செனாய், ஜோராவர் சிங் சந்து ஆகியோருடன் சேர்ந்து குழுப் பிரிவில் தங்கம். மூவரும் சேர்ந்து எடுத்தது 361. ஆசிய விளையாட்டுச் சாதனை! பிறகு 2024 பாரிஸ் ஒலிம்பிக். 37 வயதில் அவருடைய முதல் ஒலிம்பிக்.

முதல் நாள் மூன்று சுற்று. 75-க்கு 68. ஏழு தட்டுகள் போய்விட்டன. ட்ராப்பில் உலகத் தரம் என்றால் 125-லேயே மூன்று, நான்குதான் விடலாம். பட்டியலில் 30-வது இடம். முதல் ஆறு பேர்தான் இறுதிச் சுற்றுக்குப் போக முடியும். அன்று ராத்திரியே கணக்கு ஏறக்குறைய முடிந்துவிட்டது. வேறு ஒருவராக இருந்தால் மறுநாள் ஏனோதானோ என்று சுட்டிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

மறுநாள் இரண்டு சுற்று. 25-க்கு 25. மறுபடியும் 25-க்கு 25. ஐம்பதில் ஒன்றுகூடத் தப்பவில்லை! மொத்தம் 118, 21-வது இடம். பதக்கம் இல்லை, இறுதிச் சுற்றும் இல்லை. அதனால் பேப்பரில் பெரிதாக வரவும் இல்லை. ஆனால் துப்பாக்கி பிடித்த எவருக்கும் அந்த ஐம்பது என்ன என்று தெரியும். ஒரே ராத்திரியில் யாரும் புது டெக்னிக் கற்றுக்கொண்டுவிட முடியாது. ஐம்பதுக்கு ஐம்பது சுடுகிற திறமை முதல் நாளும் அதே மனிதரிடம்தான் இருந்தது. முதல் நாள் 68-க்கும் மறுநாள் 50-க்கும் நடுவே அவர் மனசுக்குள் என்ன நடந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் புரிவது ஒன்றுதான். போன ஏழு தட்டுகளை மறுநாள் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தால் இந்த ஐம்பது வந்திருக்காது.

அதே பாரிஸில் இங்கிலாந்தின் நேதன் ஹேல்ஸ் தங்கம் வாங்கினார். இறுதிச் சுற்றில் ஒரு தட்டுக்கு ஒரே தோட்டாதான். 50-க்கு 48, ஒலிம்பிக் சாதனை. பெண்கள் பிரிவில் தங்கம் குவாத்தமாலாவின் அட்ரியானா ருவானோவுக்கு. அவர் முதலில் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை. முதுகெலும்பில் அடிபட்டு அதை விட வேண்டி வந்தது. முதுகுக்குச் சிரமம் தராத விளையாட்டு என்றுதான் துப்பாக்கிக்கு வந்தார். அவருடைய நாட்டுக்கே அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம்.

'இதெல்லாம் ராஜாக்கள் விளையாட்டு' என்ற பேச்சும் உண்டு. பொய் இல்லை. 1962-ல் கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி வாங்கிய கர்ணி சிங் பிகானேர் மகாராஜா. தோட்டா விலை அப்படி. ஆனால் ஹாங்சோவில் பெண்கள் ட்ராப் குழுவில் வெள்ளி வாங்கிய மூவரில் மனீஷா கீர், போபால் ஏரிப் பக்கம் ஒரு மீனவரின் மகள். அரசு நடத்தும் அகாடமியில் இடம் கிடைத்ததும் துப்பாக்கியைத் தொட்டவர். தட்டுக்கு, சுடுகிறவர் அரண்மனையா குடிசையா என்று தெரியாது.

அந்த எஸ்டேட் பையனுக்கு வருவோம். ஒரு சனிக்கிழமை அவனுடைய பயிற்சியாளர் நோட்டை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டு, 'இன்னைக்கு எத்தனை விழுதுன்னு எண்ணாதே தம்பி. கன்னத்தை எடுக்காதே, தட்டை மட்டும் பாரு' என்று சொல்கிறார் என்று வையுங்கள். பையன் நிற்கிறான். ஒரு மூச்சு விட்டு, துப்பாக்கியைத் தோளில் வைத்து, குரல் கொடுக்கிறான். தட்டு பொடிப்பொடியாகிறது. அடுத்தது தப்புகிறது. அதற்கடுத்தது உடைகிறது. 25 முடிந்ததும் பயிற்சியாளர் ஸ்கோர் அட்டையைக் காட்டுகிறார். 16. பழைய 17-ஐ விட ஒன்று குறைவுதான். ஆனால் அந்த 17 எப்படி வந்தது என்று அவனுக்குத் தெரியாது. இந்த 16 எப்படி வந்தது என்று தெரியும். தப்பிய ஒன்பதும் எப்படித் தப்பின என்றும் தெரியும். ஏழு தடவை தலை தூக்கினான், இரண்டு தடவை துப்பாக்கியை நிறுத்தினான்.

அடுத்த வாரத்துக்கு அது போதும். நோட்டு பயிற்சியாளரிடமே இருக்கட்டும்.